பந்து கொடுப்பவன் இல்லாத வருடம்

இடைவேளையில் 48-47. ஒரு புள்ளி முன்னால் நின்றது இண்டியானா பேசர்ஸ். 2025 ஜூன் 22 ஆம் திகதி நடந்த, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் அது. அங்கே ஞாயிறு இரவு, இங்கே மட்டக்களப்பில் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடை, சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த கைபேசி, அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர்.

முதல் கால்பகுதி முடிய இன்னும் ஐந்து நிமிடம் கிடந்தது. பேசர்ஸின் பொயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவர், டைரீஸ் ஹலிபர்ட்டன். அவர் அதற்குள் மூன்று த்ரீ (தூரக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிகிற மூன்று புள்ளிப் பந்து) போட்டு 9 புள்ளி எடுத்திருந்தார். பந்தை வாங்கி வலது காலால் உந்தப் பார்த்தார், கால் வரவில்லை. விழுந்தவர் தரையைக் கையால் அடித்துக்கொண்டே கிடந்தார். கடைக்கார மாமா கூடைப்பந்து பார்க்கிற ஆள் இல்லை. பிளேன்ரீயை வைக்க வந்தவர் ஒரு நிமிடம் நின்றார்.

"என்ன மனே, காலா?"

"ஓம் மாமா. குதிகால் நரம்பு அறுந்த மாதிரித்தான் கிடக்கு."

"அப்ப இந்த வருசம் அந்தப் பொடியன் இல்ல."

அவர் சொன்னதைத்தான் கழகத்தின் தலைவர் கெவின் பிரிட்சார்ட் ஜூலையில் அறிவித்தார்: 2025-26 பருவம் முழுக்க ஹலிபர்ட்டன் ஆடமாட்டார்.

அன்றைக்கு அவர் இல்லாமலே பேசர்ஸ் இடைவேளைவரை ஒரு புள்ளி முன்னால் நின்றது. மூன்றாம் கால்பகுதியில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் 34 புள்ளி, பேசர்ஸ் 20. முடிவு 103-91, கிண்ணம் தண்டருக்கு. இதை எழுதுவது 2025 ஒக்டோபரில்; தொடங்கப்போகும் 2025-26 பருவத்தைப் பற்றி என்ன யோசித்தாலும் எனக்கு அந்த இரண்டு கட்டங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆத்திரத்திலும் பாசத்திலும் ஒரு பாதியை ஓட்டிவிடலாம். ஆனால் பருவத்தில் 82 ஆட்டங்கள் இருக்கின்றன.

இண்டியானா எங்கே, புளியந்தீவு எங்கே, உனக்கு ஏன் இந்தக் கவலை என்று வீட்டில் கேட்கிறார்கள். மற்ற ஊர்களில் பொடியன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில், இங்கே பந்தைத் தட்டிக்கொண்டு திரிந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்க இயேசு சபைக் குருமார் இங்கே வந்தார்கள். அவர்களில் யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மைக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த ஒரு பொடியனோடு அவர் காணாமல் போனார். அவர் பழக்கிய தலைமுறை இன்றும் ஊரில் இருக்கிறது. பந்தைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே சிலரை அடையாளம் சொல்லலாம். வெபர் மைதானத்தின் பெயரும் அப்படி வந்த இன்னொரு குருவானவருடையது. அதனால் அமெரிக்கக் கூடைப்பந்து எங்களுக்கு முழுக்கப் பிறத்தியாருடைய விளையாட்டு இல்லை.

சரி, காலுக்கு வருவோம். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைக்கும் தசைநாணுக்கு அக்கிலிஸ் என்று பெயர். உடம்பிலேயே தடித்த தசைநாண் அதுதான். ஆனால் எலும்பில் இருந்து சில சென்டிமீட்டர் மேலே அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறும். ஹலிபர்ட்டனுக்கு ஐந்தாவது ஆட்டத்திலேயே அதே காலின் கெண்டைத் தசை பிடித்திருந்தது. அன்று அவர் எறிந்த ஆறு பந்தில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அப்படியிருந்தும் ஆறாவது ஆட்டம் ஆடினார், அணி வென்றது, ஏழாவதில் அறுந்தது. திரும்ப அதே நிலை வந்தாலும் ஆடத்தான் செய்வேன் என்று பிறகு அவரே எழுதினார். எனக்கு அது விளங்குகிறது. விளங்குவதால் சரி என்று சொல்லமாட்டேன்.

அந்த ஒரே பிளேஓஃபில், அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்கு நடக்கிற சுற்றுகளில், மூன்று பேருக்கு அக்கிலிஸ் போனது. ஏப்ரலில் மில்வாக்கியின் டேமியன் லில்லார்ட், மே மாதம் பொஸ்டனின் ஜேசன் டேட்டம், ஜூனில் ஹலிபர்ட்டன். மூன்று பேருடைய ஜெர்சி இலக்கமும் பூச்சியம். எங்கள் பக்கத்தில் இப்படி நடந்திருந்தால் அந்த இலக்கத்தைப் பிறகு ஒருத்தரும் கேட்டு வாங்கமாட்டார்கள்.

முழு வருடமும் வெளியே இருப்பது சரியான முடிவுதான். கோபி பிரயன்ட் 2013 ஏப்ரலில் அறுந்து, எட்டு மாதத்தில் திரும்பி வந்தார். ஆறு ஆட்டத்தில் முழங்கால் எலும்பு வெடித்துப் பருவமே முடிந்தது. கெவின் டூரன்ட் 2019 ஜூனில் அறுந்து, அடுத்த பருவம் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். வந்த வருடம் ஆட்டத்துக்குச் சராசரி 26.9 புள்ளி. அப்போது அவருக்கு 32 வயது. ஹலிபர்ட்டனுக்கு அறுந்தபோது 25 தான். பிறந்தது 2000 பெப்ரவரி 29 என்பதால் சரியாகக் கணக்குப் பார்த்தால் அதுவரை ஆறு பிறந்தநாள்தான் வந்திருந்தது.

இனிக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய பகுதி. ஹலிபர்ட்டன் போனதால் அணிக்கு என்ன போகிறது?

பத்திரிகைக் கணக்கு 18.6 புள்ளி என்று சொல்லும். 2024-25 பருவத்தில் அவருடைய சராசரி அது. அதை வைத்துக்கொண்டு, சக ஆட்டக்காரர்களில் மதுரின் ஐந்து கூட எடுப்பார், நெம்பார்ட் ஆறு கூட எடுப்பார், மிச்சத்தை வாங்கில் இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று கூட்டிக் கழித்து முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு எங்கே பிழைக்கும் என்று எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும்.

பதினேழு வயதில் நான் எங்கள் அணியில் மூலையில் நின்று எறிகிறவன். ஒரு ஆட்டத்துக்கு நாலைந்து தரம் ஆளில்லாமல் எனக்குப் பந்து வரும், மூன்று உள்ளே போகும். நான் நல்ல ஷூட்டர் என்று ஊருக்குள் ஒரு பேச்சும் இருந்தது, எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. மாகாணப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் பொயின்ட் கார்டுக்குச் சீமெந்துத் தரையில் கணுக்கால் பிரண்டது. முதல் ஆட்டத்தில் எனக்கு வந்த பந்துகள் எல்லாம் அரைச் செக்கன் பிந்தி, முழங்கால் உயரத்தில், பக்கத்தில் ஒருவன் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது வந்தன. எட்டு எறிந்து ஒன்று போனது. என் கை மாறவில்லை. எனக்கு அந்த நேரத்தையும் இடத்தையும் தந்தவன் அன்றைக்கு வேலியோரம் காலில் ஐஸ் கட்டிக்கொண்டு இருந்தான்.

ஹலிபர்ட்டன் அந்த வகையான ஆட்டக்காரர். போன பருவம் ஆட்டத்துக்கு 9.2 அசிஸ்ட் (மற்றவர் கூடையில் போடுகிற மாதிரிக் கொடுத்த பந்து), பந்தைத் தொலைத்தது இரண்டு தரம்கூட இல்லை. நியூயோர்க் நிக்ஸோடு கிழக்குப் பிரிவு இறுதியின் நான்காவது ஆட்டத்தில் 32 புள்ளி, 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட் (தவறிய எறியில் திரும்பி வந்த பந்து) எடுத்து ஒரு பந்தைக்கூடத் தொலைக்கவில்லை. பிளேஓஃப் வரலாற்றில் அப்படி ஒரு கணக்கு அதற்கு முன் இல்லை. இத்தனைக்கும் அந்த ஏப்ரலில்தான் சக வீரர்களிடம் பெயர் சொல்லாமல் எடுத்த வாக்கெடுப்பில், தகுதிக்கு மேல் புகழப்படுபவர் என்ற வரிசையில் இவர் முதலாவதாக வந்திருந்தார். அடுத்த எட்டுக் கிழமைக்குள் மில்வாக்கியை 1.3 செக்கன் இருக்கையில், கிளீவ்லண்டை 1.1 செக்கன் இருக்கையில், இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் தண்டரை 0.3 செக்கன் இருக்கையில் கவிழ்த்தார். நிக்ஸோடு கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வானத்துக்குப் போய்த் திரும்ப விழுந்து ஆட்டத்தைச் சமன் செய்தது. த்ரீ என்று நினைத்துக் கொண்டாடினார், கால் கோட்டில். மேலதிக நேரத்தில் அணி வென்றது.

அந்தக் கடைசி நொடிகளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய 47 நிமிடம். பேசர்ஸ் பந்தை மெதுவாகக் கொண்டுவந்து ஒருவரிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டு நிற்கிற அணி இல்லை. எதிரணி கூடைக்குள் பந்தைப் போட்டால்கூட, அது வலையை விட்டு விழுவதற்குள் இவர்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்கு 123.3 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடம். அந்த ஓட்டத்தில் பந்தைத் தலையை நிமிர்த்திப் பார்த்து, அரங்கின் அந்தப் பக்கத்துக்கு ஒரே எறியில் அனுப்புகிறவர் ஹலிபர்ட்டன். சக ஆட்டக்காரர் நெஸ்மித் மூலையில் இரண்டு காலையும் ஊன்றி எறிவதும், சியாகம் எதிராளி திரும்புவதற்குள் கூடைக்கடியில் போய் நிற்பதும் அந்த எறியில் தொடங்குகிறது. அது வராவிட்டால் இவர்கள் கெட்ட ஆட்டக்காரர் ஆகிவிடமாட்டார்கள். ஆனால் எனக்கு மாகாணப் போட்டியில் வந்த பந்து மாதிரிப் பந்துதான் வரும்.

இதோடு இரண்டாவது ஓட்டையும் சேர்ந்துவிட்டது. பத்து வருடம் அங்கேயே ஆடிய சென்டர், கூடைக்குக் கிட்ட நிற்கிற உயரக்காரர், மைல்ஸ் டேர்னர் கோடையில் மில்வாக்கிக்குப் போய்விட்டார். அவரை வாங்கப் பணத்துக்கு இடம் வேண்டும் என்று மில்வாக்கி, காயப்பட்ட லில்லார்டையே விலக்கியது. ஒரு அக்கிலிஸ் அறுந்ததால் இன்னொரு அக்கிலிஸ் அறுந்த அணியின் சென்டர் போனார் என்று சொன்னால் சுருக்கமாக இருக்கும். டேர்னர் போன பருவம் 15.6 புள்ளி எடுத்தார், த்ரீயில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 40 உள்ளே போட்டார். உயரமான ஆள் வெளியே நின்று த்ரீ போட்டால், அவரைக் காக்கிற எதிரணி உயரக்காரரும் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். அப்படித் திறக்கிற இடைவெளியில்தான் மற்றவர்கள் ஓடி உள்ளே போனார்கள். பின்னுக்கு வந்தால் எதிரணி எறியைத் தட்டிவிடுகிறவரும் அவர்தான். ஹலிபர்ட்டனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தப் பெயரை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். என் கணக்கில் இது பாதிச் சேதம்.

டேர்னருக்குப் பதிலாக மெம்பிஸில் இருந்து ஜே ஹஃப் வந்திருக்கிறார். உயரமானவர், த்ரீயும் எறிவார், ஆனால் பெரிய அணியொன்றில் நெடுநேரம் ஆடிப் பழக்கம் இல்லை. ஐசயா ஜாக்சனும் ஜேம்ஸ் வைஸ்மனும் போன பருவத் தொடக்கத்திலேயே ஆளுக்கொரு அக்கிலிஸ் அறுந்து இப்போதுதான் திரும்புகிறார்கள். ஒரே கழகத்தில் எட்டு மாதத்துக்குள் மூன்று அக்கிலிஸ். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நட்சத்திரம் போன பிறகு எழும்பி நின்ற அணிகள் உண்டு, ரசிகர்கள் இப்போது அவற்றைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். 1999 இல் நிக்ஸின் பெரிய மனிதர் பட்ரிக் யூயிங்குக்கு கிழக்குப் பிரிவு இறுதியின் நடுவில் அக்கிலிஸ் கிழிந்தது. எதிரணி இதே இண்டியானாதான். எட்டாவது இடத்தில் இருந்து வந்த நிக்ஸ், அவர் இல்லாமல் அந்தத் தொடரை 4-2 என்று வென்று இறுதிக்குப் போனது. அங்கே சான் அன்டோனியோவிடம் 4-1 என்று தோற்றது. 2008 பெப்ரவரியில் ஹூஸ்டன் தொடர்ந்து 12 ஆட்டம் வென்றிருந்த நேரத்தில் யாவ் மிங்குக்குக் கால் எலும்பு வெடித்தது. 41 வயது டிகெம்பே முட்டோம்போவை நடுவில் நிறுத்திவைத்து இன்னும் 10 ஆட்டம் வென்றார்கள். நல்ல கதைகள். ஆனால் கவனித்துப் பாருங்கள்: ஒன்று நாலு ஆட்டம், மற்றது பத்து ஆட்டம். எதிரணிகள் இவர்களை உட்கார்ந்து படிப்பதற்குள் முடிந்துவிட்ட காலம். யூட்டா படித்துக்கொண்டு வந்து அதே ஹூஸ்டனை முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியது.

முழுப் பருவத்துக்குச் சரியான ஒப்பீடு சிக்காகோ புல்ஸ். 2012 ஏப்ரல் 28, பிளேஓஃபின் முதல் ஆட்டம், 12 புள்ளி முன்னால், ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை. டெரிக் ரோஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. லீகிலேயே மேல் வரிசையில் இருந்த அணி எட்டாம் இடத்து பிலடெல்பியாவிடம் 4-2 என்று தோற்றது. அடுத்த பருவம் ரோஸ் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. அப்படியிருந்தும் 45 வெற்றி, 37 தோல்வி. தொடர்ந்து 27 ஆட்டம் வென்றுகொண்டு வந்த மியாமியை மறித்ததும் அந்த அணிதான். பிளேஓஃபில் புரூக்ளினை ஏழு ஆட்டத்தில் வென்றார்கள்.

புல்ஸால் முடிந்தது பேசர்ஸால் முடியாதா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். டொம் திபோடோவின் புல்ஸ் புள்ளி எடுப்பதில் லீகின் அடிவரிசை. மறிப்பதில் மேல் வரிசை. அவர்களுடைய பலம் பின்னால் இருந்தது: ஜோகிம் நோவா, லுவால் டெங், எல்லோரும் கையை உயர்த்திக்கொண்டு ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் மூடுவது. ரோஸ் போனாலும் அந்த வேலை அப்படியே கிடந்தது, ஏனென்றால் அதில் ரோஸுடைய பங்கு சின்னது. பேசர்ஸின் பலம் முன்னால் இருக்கிறது, அது ஒருவருடைய கண்ணிலும் கையிலும் தொடங்குகிறது. பின்னால் இருந்த ஒரே பெரிய தூணும் மில்வாக்கிக்குப் போய்விட்டது.

இருப்பதை வைத்துப் பார்த்தால், பந்து பெரும்பாலும் அண்ட்ரூ நெம்பார்டிடம் போகும். பதற்றப்படாத ஆள். இதுவரை அவருடைய பெரிய வேலை எதிரணியின் சிறந்த கார்டை மறிப்பது. இனி இரண்டையும் செய்ய வேண்டும். ஒரு முனையில் முப்பது நிமிடம் ஒருவரைத் துரத்திவிட்டு மறுமுனையில் தாக்குதலையும் நடத்துவது எப்படி இருக்கும் என்று பந்து தொட்ட எவரும் அறிவார். கடைசிக் கால்பகுதியில் கால் இருக்காது, பாஸ் குறுகும். வாங்கில் இருந்து டி.ஜே. மெக்கொன்னல் வருவார். அந்த ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் அணி எடுத்த 20 இல் 12 அவருடையது. அருமையான ஆள், ஆனால் 33 வயது, பதினெட்டு இருபது நிமிடத்துக்கு மேல் அவரை ஓட்டினால் அந்த வேகம் நிற்காது. பாஸ்கல் சியாகம் எப்படியும் இருபது புள்ளி எடுப்பார். பெனடிக்ட் மதுரினுக்கு இது தன்னைக் காட்டுகிற வருடம். புதிய ஒப்பந்தமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆகவே நிறைய எறிவார். அது நல்லதா கெட்டதா என்பது கிறிஸ்மஸுக்குள் தெரிந்துவிடும்.

பயிற்றுவிப்பாளர் ரிக் கார்லைல் வேகத்தைக் குறைக்கலாம், சியாகமிடம் பந்தைக் கொடுத்து அரை அரங்கில் நின்று ஆடலாம். குறைக்கமாட்டார் என்பது என் ஊகம். அடுத்த வருடம் ஹலிபர்ட்டன் திரும்பும்போது அணி ஓடும் பழக்கத்தை மறந்திருக்கக் கூடாது என்று அவர் நினைப்பார். அதற்கு இந்த வருடம் சில தோல்விகளைக் கட்டணமாகக் கட்ட வேண்டிவரும்.

அந்தத் தோல்விகளுக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது, அது தற்செயலாக அமைந்தது. இறுதித் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஹலிபர்ட்டன் விழுவதற்கு ஐந்தாறு நாள் முன்பு, பேசர்ஸ் நியூ ஓர்லியன்ஸோடு ஒரு கொடுக்கல் வாங்கல் செய்தது. சியாகமை வாங்கும்போது விட்டுக்கொடுத்திருந்த தனது 2026 முதல் சுற்றுத் தெரிவை (புது வீரரைத் தெரிவுசெய்கிற உரிமை), 2025 இன் 23 ஆவது தெரிவைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. என்.பி.ஏ.யில் எவ்வளவு மோசமாகத் தோற்கிறீர்களோ அடுத்த புது வீரர் தெரிவில் அவ்வளவு முன்னால் நிற்க வாய்ப்பு. 1996-97 இல் சான் அன்டோனியோவுக்கு டேவிட் ரொபின்சன் ஆறு ஆட்டம்தான் ஆடக் கிடைத்தது. முந்திய வருடம் 59 வென்ற அணி 20 தான் வென்றது. கோடையில் முதல் தெரிவாக டிம் டங்கன் கிடைத்தார், இரண்டு வருடத்தில் கிண்ணம். ஒரு டங்கன் ஒவ்வொரு வருடமும் வருவதில்லைதான். ஆனாலும் 2025 ஒக்டோபர் நிலவரப்படி இண்டியானாவின் தோல்விக்கு வேறொரு அணி பரிசு வாங்கிப் போகாது என்பது, அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நித்திரை தரும்.

போன பருவம் கிழக்கில் பத்தாவது இடத்தைப் பிடித்து, பிளேஓஃபுக்கான தகுதிகாண் ஆட்டத்துக்குள் நுழைந்த மியாமி வென்றது 37. பேசர்ஸ் 50 வென்று நாலாவதாக வந்தது. இந்த முறை என் கணக்கு 34, 35. சியாகமுக்கோ நெம்பார்டுக்கோ ஒரு மாதம் காயம் என்றால் அதுவும் நடக்காது, முப்பதுக்குக் கீழே போய்விடும். தேநீர்க் கடையில் என்னோடு பார்க்கிற இருவரில் ஒருவர் 42 என்கிறார், கார்லைல் மேல் அவ்வளவு நம்பிக்கை. பந்தயம் ஒரு கிலோ இறால்.

2025 ஒக்டோபர் 24 ஆம் திகதி விடியற்காலை முதல் ஆட்டம். எதிரணி அதே தண்டர். மாரி தொடங்குகிற நேரம், சமிக்ஞை விட்டுவிட்டு வரும். நான் ஸ்கோரைப் பார்ப்பதைவிட ஆரன் நெஸ்மித்தைத்தான் பார்க்கப் போகிறேன். மூலையில் அவருக்குப் பந்து நெஞ்சு உயரத்தில், கால் ஊன்றி நிற்கும்போது வருகிறதா, அல்லது வாங்கி, ஒரு தட்டுத் தட்டி, பக்கத்தில் ஆள் வந்த பிறகு எறிகிறாரா என்று. முதல் கால்பகுதியில் இரண்டாவது மாதிரி மூன்று தரம் நடந்தால் இறாலுக்கு யார் காசு கொடுப்பது என்று தெரிந்துவிடும்.